சாமராஜநகர் வழியாக ஆப்பிரிக்கா

சனிக்கிழமை காலை ஆறரை மணி. மைசூர் பஸ் ஸ்டாண்டில் சாமராஜநகர் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் நானே தைத்த பை. பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா. நாங்கள் ஆப்பிரிக்கா போவதற்காகப் புறப்பட்டிருந்தோம்.

ஆப்பிரிக்கா போகிறவன் சாமராஜநகர் பஸ்ஸில் எதற்கு ஏறுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். என் கடைக்கு எதிரே டீ போடும் ரஃபீக் பாய்க்கும் தோன்றியது. "சின்னப்பா, சாமராஜநகர்ல இருந்து எந்தக் கப்பல் போகுது?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார். "ஒத்திகைக்குப் போறேன் பாய்" என்றேன். "எதுக்கு ஒத்திகை?" என்றார். "பயப்படறதுக்கு" என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவில் வழக்கமாகிவிட்டது.

மண்டி மொஹல்லாவில் ஸ்கூட்டர், ஆட்டோ சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைப் பாதி பார்த்தேன். மீதிப் பாதி என்னைப் பார்க்க விரும்பவில்லை. தமிழ் எழுதப் படிக்க வந்ததெல்லாம் மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில்தான். என் மகனுக்குக் கன்னடம் மட்டும்தான் படிக்க வரும். அதனால் என் மானம் போகிற விஷயங்களை இங்கே தாராளமாக எழுதலாம்.

முதல் விஷயம், எனக்கு யானை என்றால் பயம். நான் பிறந்தது ஹனூர் பக்கம், காட்டோரக் கிராமம். எங்கள் மக்காச்சோளக் காட்டுக்கு யானை வரும். பரண் மேல் உட்கார்ந்து தகர டப்பாவைத் தட்டுவது என் வேலை. ராத்திரி பூராவும் தட்டிவிட்டுப் பகலில் வகுப்பில் தூங்குவேன். வாத்தியார் என்னை எழுப்பி எழுப்பிச் சலித்துப்போய், வீட்டிலேயே தூங்கச் சொல்லி அனுப்பிவிட்டார். என் படிப்பைத் தின்றது யானை என்று நான் சொல்வதுண்டு. சோளத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டது.

ஸ்டெல்லா அப்படியில்லை. மைசூரில் பிறந்தவள். அவளுக்கு யானை என்றால் தசரா. தசராவுக்கு முன்னால் தினமும் காலையில் யானைகள் அரண்மனையிலிருந்து வரிசையாக நடைபழகப் போகும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். அது பாட்டுக்கு நடக்கும். ஸ்டெல்லாவின் அப்பா அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பாராம். யானை பக்கத்தில் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட வேண்டும். வெல்லமோ பழமோ கையில் இருந்தால் நீட்டலாம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் யானைக்கு முன்னால் அவர்கள் வீட்டில் யாரும் செருப்புப் போட்டு நின்றதில்லை.

அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். இந்த வருஷம் ரிட்டையர் ஆகிறாள். எங்கள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஏதோ பழைய காலண்டரிலிருந்து கிழித்தது. வீடு மாறும்போதெல்லாம் நகத்தால் சுரண்டிப் பிய்த்து, புது வீட்டுப் பீரோவில் ஒட்டுவாள். அதற்கு இப்போது நாலு காலில் ஒன்று இல்லை. அதை நேரில் பார்க்க வேண்டும், கூண்டில் இல்லை, நடந்து போவதைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஆசை இது ஒன்றுதான்.

அந்த ஆசைக்கு வழி திறந்துவிட்டவன் லெமாயன். கென்யாவிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று வருஷம் குடியிருந்த பையன். ஆறடிக்கு மேல் உயரம். சிங்கம் திரியும் ஊர்க்காரன். ஆனால் மண்டி மொஹல்லாவில் ரோட்டைத் தாண்ட முடியாமல் நடைபாதையிலேயே நின்றுகொண்டிருப்பான். ஸ்கூட்டர் வந்தால் உடம்பெல்லாம் விறைக்கும். வந்த புதிதில் நான்தான் கடையை விட்டு இறங்கி வந்து அவனைத் தாண்டிவிடுவேன். என் சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வருவான். என்னை அப்பா என்றும் அவளை அம்மா என்றும் கூப்பிடப் பழகினான். தமிழும் அரைகுறையாகப் பேசுவான்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போனவன் இப்போது அவன் ஊர்க்காட்டில் வேலை பார்க்கிறான். அந்தக் காடு அரசாங்கத்துடையது இல்லை. அவன் ஊர்க் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, வேலிகளைப் பிடுங்கிவிட்டு, காட்டு மிருகங்களுக்கு விட்டிருக்கிறார்கள். அவர்களுடைய மாடுகளும் முறைவைத்து அங்கேயே மேயும். வெளியூர்க்காரர்கள் வந்து தங்க ஆறு கூடாரங்கள். வருகிற காசு அவரவர் நிலத்துக்குத் தகுந்தபடி வீடுவீடாகப் போகும். அதில்தான் லெமாயன் மைசூரில் படித்தான். அப்படியானால் மூன்று வருஷம் எனக்கு மாடி வாடகை கொடுத்தது அந்தக் காட்டு யானைதான். சின்ன வயதில் நான் யானைக்குச் சோளம் போட்டதற்குக் கணக்கு நேராகிவிட்டது என்று சொன்னால் ஸ்டெல்லா முறைப்பாள்.

"அம்மா, ரிட்டையர் ஆனதும் வாங்க. ஒரு கூடாரம் உங்களுக்கு" என்று லெமாயன் கூப்பிட்டதிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போனது. என்னுடைய நிம்மதியைச் சொல்கிறேன். ஸ்டெல்லா பாட்டுப் பாடிக்கொண்டு ஏற்பாடு செய்தாள். பெங்களூர் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும். நீலத் துணி ஆகாது, அந்த நிறத்துக்கு ஏதோ ஈ வந்து கடிக்குமாம். பெட்டி கெட்டியாக இருக்கக் கூடாது, கடைசியில் ஏறுகிற குட்டி விமானத்தில் அமுக்கித் திணிக்கிற மாதிரி துணிப்பைதான் வேண்டும். பையை நான் தைத்தேன். காக்கித் தார்ப்பாயில், ஆட்டோ சீட்டுக்குப் போடும் நைலான் நூலில், இரட்டைத் தையல். ஆப்பிரிக்கா விஷயத்தில் நான் பயப்படாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

மற்றதற்கெல்லாம் வீடியோ காலில் லெமாயனிடம் கேள்வி கேட்டேன்.

"வேலி எத்தன உசரம் தம்பி?"

"வேலி இல்ல அப்பா."

"செரி, கூடாரத்துக்குக் கதவு?"

"ஜிப்."

"அதுக்குப் பூட்டு?"

"அப்பா, ஜிப்."

நான் ஜிப் தைக்கிறவன். ஜிப்பை எவ்வளவு நம்பலாம் என்பது எனக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது.

"ராத்திரி ஒண்ணுக்குப் போவோணும்னா?"

"டார்ச் அடிங்க. ஒருத்தர் ஈட்டி வச்சுட்டு வருவார். கூட்டிட்டுப் போவார்."

"ஈட்டி எதுக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "அழகுக்கு" என்றான்.

ஊர்க் கமிட்டி நம்மூர் நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூடும், எந்தக் கூடாரம் யாருக்கு என்று அன்றைக்கு முடிவாகும், அதற்குள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான். ஸ்டெல்லா என்னை உட்கார வைத்துப் பேசினாள்.

"ஏங்க, காட்டோரமா ஒரு நாள் கூடாரத்துல படுத்துப் பாக்கலாம். தாங்குனீங்கன்னா ரெண்டு டிக்கெட். இல்லன்னா நான் ஒருத்தி போறேன். பேஜாரே இல்ல."

அவள் தனியாகப் போய்விடுவாள். அது எனக்குத் தெரியும். அவள் அங்கே ஜிப்புக்குள் தனியாகப் படுத்திருப்பதை நினைத்தால் வரும் பயம், நான் கூடப் படுத்திருப்பதை நினைத்தால் வரும் பயத்தைவிடப் பெரிதா சின்னதா என்று ஒரு வாரம் எடைபோட்டேன். தராசு முள் நிற்கவே இல்லை.

அதனால்தான் சாமராஜநகர் பஸ்.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்குப் பஸ் இலவசம், ஸ்டெல்லா ஆதாரைக் காட்டினாள். எனக்கு எழுபத்தெட்டு ரூபாய். "பயந்துக்கிட்டுப் போறவங்களுக்கு இலவசம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டேன். "இருக்கு. இறங்கி நடந்து போறது இலவசம்" என்றார். நல்ல மனுஷன். நிஜமாகவே இறங்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். பஸ் அதற்குள் ஊரைத் தாண்டிவிட்டது.

ஏழேகாலுக்கு நஞ்சன்கூடு. ஜன்னலோரம் வாழைப்பழக்காரி வந்தாள். அந்த ஊர் ரசபாளைப் பழம் வாசனைக்குப் பேர்போனது, இப்போது கிடைப்பதும் அரிது. தன் கூடையில் இருப்பது அசல் ரசபாளை என்று அவள் சத்தியம் செய்தாள். ஸ்டெல்லா ஒரு சீப்பு வாங்கினாள், நூற்றிருபது ரூபாய். பஸ் பூராவும் மணத்தது. அந்த மணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபது கிலோமீட்டர் ஓடி, எட்டரைக்குச் சாமராஜநகர். இட்லி சாப்பிட்டோம். ஸ்டெல்லா நாலு, நான் ஒன்று. அங்கிருந்து மலைப்பக்கம் இருபது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐந்நூறு. வாழைத்தோப்பு, மஞ்சள் காடு, ராகிக் காடு என்று போய்ச் சட்டென்று ஊர் நின்று நிஜமான காடு ஆரம்பித்தது. ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்டுத் திருப்பிய வேகத்தைப் பார்த்தால் அவரும் என் ஜாதிதான் என்று தோன்றியது.

சோலிகர்கள் அந்த மலையின் பழைய குடிகள். அவர்களில் சில குடும்பங்கள் சேர்ந்து, காட்டோரத்தில் தங்கள் சொந்த நிலத்தில் மூன்று கூடாரம் போட்டு நடத்துகிறார்கள். ராத்திரி தங்க, சாப்பாட்டோடு, இரண்டு பேருக்கு இரண்டாயிரத்து நானூறு. எங்களைக் கவனித்துக்கொண்டவர் கேத்தண்ணன். என் வயதுதான் இருக்கும். மனைவி தமிழ்நாட்டுத் தாளவாடிக்காரர், அதனால் தமிழ் வரும். சட்டம் நாலே நாலு சொன்னார்.

"காலைல நான் டீ எடுத்துட்டு வர்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது. சென்ட் போடக் கூடாது. ஏதாச்சும் பாத்தா ஓடக் கூடாது. கூடாரத்துல பழம் வைக்கக் கூடாது, சமையக்கட்டுல கொடுத்துடுங்க."

"கேத்தண்ணா, ஆனை வருமா?" என்று கேட்டேன்.

"வரும்."

"இன்னைக்கா?"

"அதுகிட்ட நான் கேக்கலீங்க."

ஸ்டெல்லா சிரித்தாள். அவள் அங்கே வந்ததிலிருந்து பத்து வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள். கூடாரத்தின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். "ஆப்பிரிக்காலயும் இப்படித்தான் இருக்கும் இல்ல?" என்றாள். நான் ஜிப்பின் தையலைப் பார்த்தேன். ஒற்றைத் தையல். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் நூல் விட்டிருந்தது. அவளிடம் சொல்லவில்லை. பையிலிருந்த ஊசி நூலை எடுத்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் தைத்துவிட்டேன். மத்தியானம் பூராவும் எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.

சாப்பாடு ராகிக் களியும் கீரைச் சாறும். நன்றாக இருந்திருக்கும், பயமில்லாதவர்களுக்கு. மாலையில் கேத்தண்ணன் எங்களைக் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப்போய் லத்தி காட்டினார். யானை லத்தி. விரலால் தொட்டுப் பார்த்து, "நேத்தையது" என்றார். நான் ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டேன். எங்கள் காட்டு வரப்பில் இதைப் பார்த்தால்தான் அப்பா பரண் மேல் இரண்டு டப்பா வைப்பார். என் வாய் தானாக ஜோக்கடித்தது. ஸ்டெல்லா சிரித்தாள். கேத்தண்ணன் சிரிக்கவில்லை. என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "திரும்பலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

படுத்த பிறகு மூக்கில் ரசபாளை மணத்தது.

"ஏம்புள்ள, பழம் குடுத்துட்டயா?"

"கொடுத்தாச்சு. நாலு மட்டும் வச்சிருக்கேன். காலைல மாத்திரை போடணும்ல."

"ஸ்டெல்லா."

"சும்னிருங்க. நாலு பழத்துக்கு யாரு வரப் போறா?"

ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒவ்வொன்றையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஸ்டெல்லா டியூட்டி முடித்து வந்தவள் மாதிரி குறட்டை விட்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கேத்தண்ணன் வெளியே இருமினார். ஜிப்பைத் திறந்தோம். புகை மாதிரி வெள்ளையாகப் பனி நின்றது, சமையல்கட்டுப் புகையும் சேர்ந்திருக்கும். டீயைக் கொடுத்துவிட்டு, "இங்கேயே நில்லுங்க, கக்கூஸ் பக்கம் வழி பாத்துட்டு வரேன்" என்று சரிவில் இறங்கிப் போனார். ஸ்டெல்லா மாத்திரை போடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் ஜிப்பைத் திறந்தாள். நான் உயிரோடு விடிந்த சந்தோஷத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். தாங்கிவிட்டேன், இரண்டு டிக்கெட் என்று ஜம்பமாகச் சொல்ல வாயெடுத்தேன்.

ஸ்டெல்லா செருப்பைக் கழற்றினாள்.

ஏன் கழற்றுகிறாள் என்று பார்த்தேன். கழற்றிய செருப்பை ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். கைகூப்பினாள். பிறகு ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் முகத்தில் இருந்தது ரோட்டோரம் அப்பா தோளில் இருக்கும் குழந்தையின் முகம். அவள் போகும் பக்கம் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், என் கடைக்கும் ரஃபீக் பாய் டீக்கடைக்கும் இருக்கிற தூரத்தில், நேற்று பாறை எதுவும் இல்லாத இடத்தில் ஒரு பாறை இருந்தது. அதற்குத் தந்தம் இருந்தது.

கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. நாள் பூராவும் மூடாத வாய். கைதான் போனது. அவள் தோளில் கிடந்த பை வாரைப் பின்னாலிருந்து பிடித்தேன். அவள் இழுத்தாள், நான் விடவில்லை. தைரியத்தில் இல்லை. விரல் பூட்டிக்கொண்டுவிட்டது.

"விடுங்க, ஒரு பழம்..." என்றாள்.

அது மெல்லுவதை நிறுத்தியது. தசரா யானையின் காது ஆடிக்கொண்டே இருக்கும். இதன் காது ஆடவில்லை. இரண்டு பக்கமும் விரிந்து அப்படியே நின்றது. தும்பிக்கை எங்கள் பக்கம் உயர்ந்து மோந்தது. ரசபாளை.

அதன் பிறகு வந்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தரை அதிர்ந்தது, புழுதி வந்தது, சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. பக்கவாட்டிலிருந்து கேத்தண்ணன் குரல் தாழ்ந்து வந்தது. "ஓடாதீங்க. முதுகு காட்டாதீங்க. அப்படியே பின்னால." வாரைப் பிடித்தபடியே பின்னால் நடந்தேன். ஸ்டெல்லாவும் என்னோடு வந்தாள், வேறு வழியில்லாமல். இரட்டைத் தையல் விடவில்லை. நான் தைத்த சீட்டு ஒரு மாதத்தில் பிரிந்தது என்று சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

சமையல்கட்டிலிருந்து தகர டப்பாச் சத்தம் கிளம்பியது. கேத்தண்ணன் மனைவி தட்டினார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். யானைக்கும் தெரியும். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றி வைத்த இடத்தில் அது நின்றது. கீழே பார்த்தது. ஒரு காலைத் தூக்கி வைத்தது. தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, இனிமேல் உங்களோடு பேச்சில்லை என்பது மாதிரி திரும்பி மரங்களுக்குள் போனது.

அது போன பிறகு கேத்தண்ணன் ஸ்டெல்லாவின் செருப்பை எடுத்து வந்தார். ஒன்று செருப்பாக இருந்தது. இன்னொன்று அப்பளமாக இருந்தது. அதில் அவள் குதிகால் தேய்த்த பள்ளம் மட்டும் அப்படியே தெரிந்தது.

"அம்மா, அது உங்க ஊரு ஆனை இல்ல" என்றார் மெதுவாக. "இதுக்கு யாரும் பேர் வைக்கல."

ஸ்டெல்லா அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேத்தண்ணன் என்னைப் பார்த்து, "நல்லவேளை, தைரியமா புடிச்சு இழுத்தீங்க" என்றார். "தைரியம் இல்லீங்க, வெரல் வரமாட்டேங்குது, பாருங்க" என்று காட்டினேன். உண்மைதான். அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

பதினொன்றரைக்குச் சாமராஜநகரில் திரும்பும் பஸ். ஸ்டெல்லா காலில் கேத்தண்ணன் மனைவியின் ரப்பர் செருப்பு, ஒரு அளவு பெரிது. வழக்கமாகப் பஸ்ஸில் நான் எப்படி உட்கார வேண்டும், எங்கே துப்பக் கூடாது, யாரிடம் வாயடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வருவாள். அன்றைக்குக் காலிலிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் வந்தபோது ஆதாரை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். கை ஆதாரைத் தாண்டித் தாண்டித் துழாவியது. அழுகிற குழந்தையின் கையிலும் முதல் குத்தலில் நரம்பைப் பிடிக்கிற கை அது. நான்தான் ஆதாரை எடுத்துக் கொடுத்தேன்.

நஞ்சன்கூட்டில் பஸ் நின்றது. அதே பழக்காரி வந்தாள். ஸ்டெல்லா ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"நான் வரலீங்க" என்றாள்.

"எங்க?"

"ஆப்பிரிக்காவுக்கு. சாயந்திரம் அவன் கூப்புட்டா சொல்லிருங்க. நீங்க பயந்ததுதான் சரி."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னது சரி என்று அவள் ஒப்புக்கொண்டது அது முதல் தடவை. இதற்காகத்தான் ஒரு மாதமாக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தேன். இனி வேலி இல்லாத ஊர் இல்லை, ஜிப் இல்லை, அழகுக்கு ஈட்டி இல்லை. எழுந்து நின்று பஸ்ஸுக்கே மிட்டாய் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எழவே மனம் வரவில்லை.

"அந்த ஒட்டகச்சிவிங்கிய என்ன பண்றது புள்ள?" என்று கேட்டேன்.

"அது கதவுலயே இருக்கட்டும்."

பஸ் கிளம்பியது. கபினி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் பாலத்தில் போவதற்கே பயப்படுகிறாள். இது எனக்குத் தெரிந்த வியாதி. இது வந்தால் முதல் நாள் யானைக்குப் பயம், அடுத்த நாள் பாலத்துக்குப் பயம், அப்புறம் கதவு தட்டினால் பயம். நான் இதில் ஐம்பது வருஷ அனுபவஸ்தன். இவளுக்கு இன்றைக்குத்தான் முதல் நாள். ஒன்றுமே தெரியவில்லை. பச்சைக் குழந்தை.

"புள்ள, பயப்படறது ஒரு வேலை" என்றேன். "உனக்குச் செய்யத் தெரியல. நீ கண்ண மூடற. மூடுனா அது பெருசாயிரும். கண்ணத் தொறந்து வச்சுக்கோணும்."

"விளையாடாதீங்க."

"வெளையாடல. வாய் பாட்டுக்கு எதையாச்சும் பேசட்டும், அத உட்டுரு. கைய மட்டும் சும்மா வைக்கக் கூடாது. எதையாச்சும் புடிச்சுக்கோணும். புடிச்சா உடக் கூடாது. கூடப் போறவன் எவ்வளவு திட்டினாலும் உடக் கூடாது. அவ்வளவுதான் தொழிலு."

"பயத்த வச்சுக்கிட்டு எப்படிங்க அவ்ளோ தூரம் போறது?"

"பயம் போன பொறகுதான் போவோணும்னா, நான் உன்னக் கட்டிக்க மைசூருக்கே வந்திருக்க மாட்டனே."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தாள். மடியிலிருந்த பையின் வாரை அவள் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்கு மைசூர். டவுன் பஸ் மாறி, மண்டி மொஹல்லா முனையில் இறங்கி, எங்கள் சந்துக்கு எதிர்ப்பக்கம் நின்றோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஸ்கூட்டர், ஆட்டோ, கோழிக் கூண்டு ஏற்றிய வண்டி, எல்லாம் ஒன்றாக வந்தன. பிறந்ததிலிருந்து இந்த ஊர் ரோட்டைத் தாண்டியவள் தாண்டவில்லை. வாரைப் பிடித்தபடி நின்றாள். லெமாயன் நின்ற அதே இடம். அவனுக்கு இங்கே இருந்த பயத்தை அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். சிங்கத்தோடு வளர்ந்தவன் ஸ்கூட்டருக்கு நடுங்குகிறான் என்று ரஃபீக் பாய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ஆனால் அவன் ஒரு நாளும் ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொல்லவில்லை. தினமும் காலையில் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"அவன் மூணு வருசம் தாண்டுனான்" என்றேன்.

"அவனுக்கு நீங்க இருந்தீங்க" என்றாள்.

"அங்க நமக்கு அவன் இருக்கான்."

ஒரு ஆட்டோவுக்கும் இன்னொரு ஆட்டோவுக்கும் நடுவில் இறங்கினேன். பையின் வார் இறுகியது. பின்னாலேயே வந்தாள், கண்ணைத் திறந்துகொண்டு.

சாயந்திரம் ஐந்து மணிக்குப் போன் வந்தது. ஸ்டெல்லா பீரோவுக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. போனை எடுக்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நீல நிறச் சுடிதார் ஒன்றை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, தனியாக ஒரு பக்கம் வைத்தாள். ஈ கடிக்கும் நிறம்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அப்பா, கமிட்டி உக்காந்தாச்சு. எத்தன பேர்?"

"ரெண்டு பேரு தம்பி. ரெண்டும் பயந்தாங்கொள்ளி. உங்க கமிட்டிகிட்டச் சொல்லி, சமையக்கட்டுக்குப் பக்கத்துக் கூடாரமாப் பாத்துக் குடு. ஆளுங்க இருக்கற பக்கம்."

அங்கே யாரிடமோ பேசினான். பலர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"கொடுக்கறாங்க அப்பா. ஆனா சமையல் பக்கம்தான் தெனமும் கழுதைப்புலி வரும். பரவால்லையா?"

போன் ஸ்பீக்கரில் இல்லை. உள்ளே ஸ்டெல்லா பாட்டுப் பாடவில்லை, ஆனால் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்றேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளிடம் கழுதைப்புலி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவள், இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள். அதற்குள் டிக்கெட் எடுத்தாகியிருக்கும்.